ஆவி கசிந்த வழி

யந்திரங்களுக்கு உண்டாகும் பழுதுகளுள், கண்ணால் காணத்தக்கனவும், காதால் கேட்கத்தக்கனவும், கையால் தொட்டு அறியத்தக்கனவும் ஒருவாறு மனிதனுக்கு வசப்பட்டுவிடுகின்றன. ஆனால் மூக்கு ஒன்றினாலேயே அறியப்பட்டு, இதோ இருக்கிறது என்று குனிந்து நோக்கும்போது அங்கே இல்லாமற்போய், வேறோரிடத்தில் வேறொரு வேளையில் மீண்டும் தோன்றுகிற பெட்ரோல் ஆவியின் கசிவோ, பொறுமையுள்ளவனையும் கலங்கச் செய்துவிடும். 2018-ஆம் ஆண்டுக் கோடையில் என்னுடைய பழைய காரில் அத்தகைய கசிவு ஒன்று ஏற்பட்டது. அதனை வீட்டு வாசலிலேயே, எளிய செலவில், முதிய மெக்கானிக் ஒருவரின் வழிகாட்டலோடு தேடிக் கண்டுபிடித்த வரலாற்றை இங்கே எழுத முற்பட்டதற்குக் காரணம், விலையுயர்ந்த கருவிகள் இல்லாத இடத்திலும் முறையான விசாரணை நடைபெறக்கூடும் என்பதை அவ்வநுபவம் எனக்கு ஐயமற உணர்த்தியதேயாகும்.

அப்போது நான் ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றின் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகத்தில் இருந்தேன். சென்னையில் ஒருவரிடம் எட்டு ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை, வயது முதிர்ந்த என் தாயாரின் சௌகரியத்தை முன்னிட்டு வாங்கியிருந்தேன். ஓய்வு நாள்களில் நாங்கள் விரும்பிச் செல்லும் இடம் அய்யனார் கோவில். ஊரின் மேற்கெல்லையைக் கடந்து முடங்கியாற்றுச் சாலையில் செல்லச் செல்ல, ஆலைகளின் ஓசை பின்னே தேய்ந்து, மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் இருமருங்கிலும் நெருங்கி வர, நகர மக்களுக்குக் குடிநீர் வழங்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஓடைக்கரையில், நீர்காத்த அய்யனார் கோவில்கொண்டிருக்கிறார். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகிவிட்டால் வனத்துறையினர் எவரையும் உள்ளே விடுவதில்லை. மற்றக் காலங்களிலோ, பாறைகளினிடையே ஓடும் நீரில் குளித்து, கட்டுச்சோற்றை மரநிழலில் உண்டு, மாலையில் திரும்புவது எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். அந்த மலைச்சரிவு, சாம்பல் நிற அணில்களைக் காப்பதற்காக 1988-இல் சரணாலயமாக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டைச் சேர்ந்தது. 2021-இல் அக்காடு மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்றது.

அங்கே ஒரு நண்பகலில், நிழல் கிடைக்காமையால் வெட்டவெளியில் நிறுத்தியிருந்த காரின் கதவைத் திறந்தபோது, உள்ளிருந்து வெப்பக் காற்றோடு பெட்ரோல் வாடையும் கலந்து முகத்தில் அடித்தது. "என்னப்பா, வண்டிக்குள்ள சீமெண்ணெய் வாடை இப்படித் தூக்குது!" என்று என் தாயார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டியபோது வாடை குறைந்தது. வீடு சேர்ந்து இரவில் முகர்ந்து பார்த்தபோது அடியோடு இல்லை. மறுநாள் உச்சிவேளையில் மீண்டும் தோன்றியது. அதனால் என் தாயாருக்குத் தலைவலி வந்தது ஒருபுறமிருக்க, தூய காற்றை நாடி நாம் செல்லும் ஒரு வனத்தின் வாசலில், நம்முடைய வாகனமே அக்காற்றை மாசுபடுத்திக்கொண்டு நிற்கிறது என்னும் எண்ணம் என் உள்ளத்தை மிகவும் வருத்தியது.

பெட்ரோலின் இயல்பை அறிந்தவர்கள் இந்த வருத்தத்தை மிகையென்று கருதமாட்டார்கள். உறைபனியினும் மிகக் கொடிய குளிரில், அதாவது பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரி அளவிலுங்கூட, தீப்பொறி பட்டால் பற்றத்தக்க ஆவியை அது வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அவ்வாறாயின், நம் நாட்டுச் சித்திரை வெயிலில் அதன் வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வாவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு கனமுடையதாகையால் மேலே எழுந்து கலைந்துவிடாமல், தாழ்ந்து படர்ந்து, பள்ளங்களிலும் மூலைகளிலும் தேங்குகிறது. காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரையில் அது கலந்திருக்கும்போது ஒரு சிறு பொறியும் பெருந்தீயை விளைவிக்கும். இத்தகைய பொருளை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே உணர்ந்து எச்சரிக்கும் ஆற்றல் நம் நாசிக்கு வாய்த்திருப்பது இயற்கை நமக்குச் செய்த பேருதவி என்றே சொல்லவேண்டும்.

தீயபாயம் ஒன்று மட்டுமன்று. காற்றுக்கு நேரும் கேடும் பெரிது. இதனை உலகுக்கு உணர்த்தியவர் கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்துவந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்னும் டச்சு ரசாயன நிபுணர். அன்னாசிப்பழத்தின் மணத்திற்குக் காரணமான பொருள்களைப் பிரித்தறியும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அவர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மக்களின் கண்களை எரியச்செய்த மூடுபுகையையும் அதே முறையில் பரிசோதித்து, எரியாமலும் அரைகுறையாக எரிந்தும் வெளிப்படும் பெட்ரோலின் ஆவிகள் வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் வாயுக்களோடு சூரிய ஒளியில் கூடி ஓஸோனை உண்டாக்குகின்றன என்பதை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிரூபித்தார். அதன் பயனாக, பெட்ரோல் டாங்கியிலிருந்து ஆவி வெளியேறாமல் தடுக்கும் அமைப்பு 1970-ஆம் வருஷத்துக் கார்களுக்குக் கலிபோர்னியாவிலும், அடுத்த வருஷம் அமெரிக்கா முழுவதிலும் கட்டாயமாக்கப்பட்டது. நம் நாட்டிலும் பாரத் ஸ்டேஜ் விதிகள், மூடிய அறையில் காரை நிறுத்திவைத்துச் செய்யும் சோதனையில் அது வெளியிடும் ஆவி 2 கிராமுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தன. 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும் அமலுக்கு வந்த நான்காம் ஸ்டேஜ் விதிகளால் இருசக்கர வாகனங்களிலும் இவ்வமைப்பு இடம்பெற்றது.

அமைப்பு மிக எளியது, அறிவுக்கு இனியது. பகலில் வெப்பத்தால் டாங்கிக்குள் பெருகும் ஆவி, மெல்லிய குழாயொன்றின் வழியாக, மெக்கானிக்குகள் கேனிஸ்டர் என்று வழங்கும் கரிக்குடுவைக்குச் செல்லும். அதனுள் நிரப்பப்பட்டிருக்கும் கரி, ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு உடையதாதலால், அந்த ஆவியைத் தன் நுண்துளைகளில் பற்றி வைத்துக்கொள்ளும். இன்ஜின் சூடேறி ஓடும்போது பர்ஜ் வால்வு என்னும் சிறு கதவு திறக்க, வெளிக்காற்று கரியினூடே பாய்ந்து, தேங்கிய ஆவியைச் சேர்த்துக்கொண்டு இன்ஜினுக்குள் சென்று எரிந்துவிடும். இரவில் டாங்கி குளிரும்போது அதே கரியின் வழியாகக் காற்று உள்ளே வரும். இவ்வாறு, வீணாகி நஞ்சாகவேண்டிய பொருள் எரிபொருளாகவே பயன்பட்டுவிடுகிறது. எங்கள் வட்டாரத்துத் தென்னந்தோப்புகளைக் கண்டு, கொட்டாங்கச்சிக் கரியே இதற்கு ஏற்றதாயிருக்குமே என்று நான் நினைத்ததுண்டு. ஆனால் அதன் துளைகள் மிக நுண்ணியனவாகையால் பற்றிய ஆவியை எளிதில் விடுவதில்லை என்றும், பற்றவும் விடவும் வல்ல மரக்கரியே பெரும்பாலும் இதற்கு உகந்ததென்றும் பின்னர் அறிந்தேன்.

என் தமக்கையின் மகன், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவன், யந்திர விஷயங்களில் ஊக்கமுள்ள இளைஞன். அவன் தீப்பெட்டியளவில் ஒரு ஸ்கேனரைக் கொண்டுவந்து காரில் சொருகி, செல்போனில் நெடுநேரம் ஆராய்ந்துவிட்டு, "மாமா, இதுல ஒரு கோளாறும் காட்டலையே" என்று வியந்தான். வியப்புக்கு அங்கே இடமில்லை என்பதைப் பிறகு படித்துத் தெளிந்தோம். அமெரிக்க விதிகளின்படி 1996 முதல், கார் தன்னைத்தானே சோதித்து ஒரு மில்லிமீட்டர் துளையையும், 2000-க்குப் பிறகு படிப்படியாக அரை மில்லிமீட்டர் துளையையும் கண்டறிந்து விளக்கெரித்துக் காட்டவேண்டும். நம் நாடு பின்பற்றிய ஐரோப்பிய முறையிலோ, பர்ஜ் வால்வுக்குச் செல்லும் மின்சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே போதும். குழாயில் துளை இருக்கிறதா என்பதைக் கார் அறியவேண்டுமென்ற நியதி இல்லை. ஆகவே நம் கார்களில் இத்தகைய கசிவுக்கு எச்சரிக்கை விளக்கு பெரும்பாலும் எரிவதில்லை, வாடையே விளக்கு.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காண்பித்தபோது, டாங்கியை இறக்கி, கேனிஸ்டர், குழாய்கள், மூடி அனைத்தையும் மாற்றிவிடலாம் என்று சொல்லி, என் மாதச் சம்பளம் முழுவதையும் விழுங்கத்தக்க ஒரு தொகையைக் குறித்துக் கொடுத்தார்கள். எது பழுதென்று அறியாமல் எல்லாவற்றையும் மாற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. தென்காசிச் சாலையோரத்தில், புளியமரத்தடியில் சிறு கொட்டகை போட்டுத் தொழில் நடத்திவந்த முதியவர் ஒருவரிடம் சென்றேன். ஊரார் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். நான் சொன்னவற்றையெல்லாம் இடைமறியாமல் கேட்டு, காரை ஒருமுறை சுற்றி வந்தபின் அவர் கூறிய வார்த்தைகள் இன்றும் என் நினைவில் இருக்கின்றன: "ஸார், வாடை வர்ற இடத்தைத் தேடாதீங்க. காத்துப் போற பாதையைத் துண்டு துண்டாப் பிரிங்க. எந்தத் துண்டு காத்தைப் பிடிச்சு வைக்கலையோ, கோளாறு அதுலதான்."

சாம்பிராணிப் புகையைக் குழாய்க்குள் செலுத்தினால் கசியுமிடத்தில் புகை தெரியுமே என்று என் மருமகன் கேட்டபோது அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. "தம்பி, நெருப்பை மட்டும் கிட்டக் கொண்டு வராதீங்க, மத்ததையெல்லாம் மெதுவாப் பாத்துக்கிடலாம்" என்றார். புகை விட்டுப் பார்ப்பது பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் உள்ள முறையே. ஆனால் கங்கு எரியும் ஒரு பாத்திரத்தைப் பெட்ரோல் ஆவியோடு குழாயால் இணைப்பது உயிரோடு விளையாடுவதாகும். அவர் விதித்த நியமங்களை நாங்கள் வழுவாது கடைப்பிடித்தோம். திறந்த வெளியில், வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டுமே வேலை. பேட்டரியின் இணைப்பை முதலிலேயே கழற்றிவிடுதல். தொங்கவிடும் மின்விளக்கு ஆகாது, கைடார்ச்சையும் தொலைவிலேயே ஏற்றிக்கொண்டு வருதல். பக்கத்தில் ஒரு வாளி மணல். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல் கனத்த மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தல். இவற்றுக்கெல்லாம் முன்பாக, வண்டியின் அடியில் வெள்ளைக் காகிதங்களை இரவு முழுவதும் விரித்துவைத்துக் காலையில் நோக்கினோம். ஒரு துளி திரவம் சிந்தியிருந்தாலும் வண்டியைத் தொடவே கூடாது, இழுத்துச் சென்றுதான் சரிசெய்ய வேண்டும் என்பது அவருடைய கட்டளை. காகிதம் கறையின்றி இருந்தது. கசிவது ஆவியே என்பது உறுதியாயிற்று.

மலைமேல் எழும் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டென்று துணிவதைத் தர்க்க சாஸ்திரம் அநுமானத்திற்கு உதாரணமாகக் காட்டும். ஒன்று உள்ளபோது மற்றொன்றும் இருத்தல் அன்வயம் எனவும், ஒன்று இல்லாதபோது மற்றொன்றும் இல்லாதொழிதல் வியதிரேகம் எனவும், இவ்விரண்டும் கூடினாலன்றி முடிவு உறுதிப்படாது எனவும் அச்சாஸ்திரம் கற்பிக்கிறது. என் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து மாணாக்கர்க்குச் சொல்லிக்கொடுத்த இப்பாடம், ஒரு மோட்டார் வண்டியின் அடியில் எனக்குப் பயன்படும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும், டாங்கி நிறைந்திருந்ததா குறைந்திருந்ததா, வண்டி வெயிலில் நின்றதா நிழலிலா, வாடை எந்தப் பக்கத்தில் வந்தது என்பனவற்றை எழுதிவந்தேன். நிழலில் நின்ற நாள்களில் வாடை இல்லை. வெயிலில் நின்ற நாள்களில் உண்டு. டாங்கி நிறைந்தபின் வெயிலில் நின்றால் மிகுதி. முன்புறத்தில் ஒருபோதும் இல்லை, பின்புறத்தில் வலப்பக்கத்தில் எப்போதும் உண்டு. எழுதிய பக்கங்களைச் சேர்த்துப் படித்தபோது, இன்ஜின் பக்கத்தை ஒதுக்கிவிட்டு டாங்கியின் பக்கத்தை நாடவேண்டும் என்பது, ஒரு திருகைக்கூடக் கழற்றாமலே விளங்கிவிட்டது.

அடுத்து வேண்டியது, டாங்கியும் அதன் குழாய்களும் காற்றைப் பிடித்துவைக்கின்றனவா என்று அளந்து காட்டும் ஒரு கருவி. கொத்தனார்கள் சுவருக்கு மட்டம் பார்க்க உபயோகிக்கும், உள்ளேயிருக்கும் நீர் வெளியே தெரியும் பிளாஸ்டிக் டியூபில் சில முழம் வாங்கி, ஒரு பலகையின்மேல் அரைவட்டமாக வளைத்து ஆணியடித்து நிறுத்தி, துணிக்கு இடும் நீலம் கலந்த நீரைப் பாதியளவுக்கு ஊற்றி, இருபுறமும் அளவுகோல் காகிதத்தை ஒட்டினோம். மீன்தொட்டிகளுக்குக் காற்றுச் செலுத்தும் குழாய்களைப் பொருத்துகிற மூவழி இணைப்பு ஒன்று கடையில் அற்ப விலைக்குக் கிடைத்தது. காற்றை ஊத என் மருமகன் சைக்கிள் பம்பை எடுத்துவந்தான். அண்ணாச்சி அதனை ஒதுக்கிவிட்டு, மெதுவாக ஊதும் சாதனமே வேண்டுமென்றார். பக்கத்து வீட்டில், நெடுங்காலம் மருத்துவமனையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற கம்பவுண்டர் மாமா, தம் பழைய ரத்த அழுத்தக் கருவியிலிருந்து ரப்பர்க் குமிழைக் கழற்றிக் கொடுத்தார். ஒருமுறை அமுக்கினால் சிறிதளவே காற்றைத் தந்து, தந்த காற்றைத் திரும்ப விடாத வால்வும் அதிலேயே அமைந்திருந்தமையால், எங்கள் காரியத்துக்கு அதனினும் ஏற்ற பொருள் வேறில்லை. சத்திரப்பட்டித் தறிகளில் நெய்த பேண்டேஜ் துணிச்சுருள் ஒன்றையும் அவர் கூடவே தந்தார். கருவிக்கு ஆன மொத்தச் செலவு நூற்றைம்பது ரூபாயைத் தாண்டவில்லை.

இருபுறத்து நீர்மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சாணுக்கு மேற்படலாகாது என்று நாங்கள் வரம்பு வகுத்துக்கொண்டோம். ஒரு சாண் நீரின் அழுத்தம் காற்றுமண்டலத்தின் அழுத்தத்தில் ஏறத்தாழ நாற்பத்தைந்தில் ஒரு பங்கே எனினும், ஒரு சதுர அடித் தகட்டின்மேல் அது இருபது கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைச் சுமத்துகிறது; மெல்லிய தகட்டாலான டாங்கியைக் கம்பிரஸரின் காற்றால் சோதிப்பது எத்துணை விபரீதம் என்பதை இக்கணக்கு ஒன்றே காட்டும். பாதி நிறைந்த டாங்கியில் பெட்ரோலுக்கு மேலே பதினைந்து லிட்டர் இடம் இருக்குமானால், ஒரு சாண் நீரை உயர்த்த மூன்றில் ஒரு பங்கு லிட்டர் காற்றே போதும். குமிழைச் சிலமுறை அமுக்கினால் அது நிறைவேறிவிடும். வெயில் ஏறினால் பெட்ரோல் தானே ஆவியை எழுப்பி அளவைக் கெடுத்துவிடுமாகையால், வெப்பநிலை மாறாத விடியற்காலமே சோதனைக்குரிய வேளை என்று தீர்மானித்தோம்.

முதலில் கருவியையே சோதித்தோம். நுனியை அடைத்துவிட்டு ஒரு சாணுக்கு ஏற்றி, நூலால் அடையாளமிட்டு, கால்மணி நேரம் காத்திருந்தோம், நீர் அசையவில்லை. அளக்கும் கருவி கசியாதென்று தெரிந்தபிறகே அளக்கப்படும் பொருளின் கசிவைப் பற்றிப் பேச உரிமையுண்டு. பின்னர், கேனிஸ்டரிலிருந்து பர்ஜ் வால்வுக்குச் செல்லும் குழாயில் கருவியை இணைத்தோம், நீர் நின்றது, ஆகவே வால்வு செவ்வனே மூடியிருந்தது. கேனிஸ்டரைக் கழற்றிச் சாய்த்துப் பார்த்ததில் உள்ளே திரவம் இல்லை, கரி நனைந்திருக்கவில்லை. பெட்ரோல் பங்குகளில் குழாய் தானே நின்றபிறகும், தொகையை ரவுண்டாக்குவதற்காக மேலும் மேலும் ஊற்றுவதனால் பெட்ரோல் ஆவிக்குழாயில் புகுந்து கரியை நனைத்துப் பாழாக்குவது இங்கே மிகச் சாதாரணம் என்று அண்ணாச்சி அப்போது எடுத்துரைத்தார். இறுதியில், டாங்கியிலிருந்து வரும் குழாயில் கருவியைப் பொருத்திக் குமிழை அமுக்கினோம். நீர் ஒரு சாண் உயர்ந்தது. உயர்ந்தவுடனேயே இறங்கத் தொடங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபுறமும் சமமாகிவிட்டது. மூன்று பாதைகளுள் இரண்டு குற்றமற்றன. மூன்றாவதில் குற்றம் உண்டு.

டாங்கியின் மூடியே முதற்சந்தேகத்துக்கு உரியது. அதன் ரப்பர் வளையம் இறுகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத நிலையில், ஓரத்தில் நுண்ணிய வெடிப்புகளோடு இருந்தது. அதே வகைக் கார் வைத்திருந்த தெருக்காரர் ஒருவரின் மூடியைச் சற்று நேரம் வாங்கிப் பொருத்திச் சோதித்தோம். இப்போது நீர் இறங்கும் வேகம் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் இறங்காமல் நிற்கவில்லை. இந்த இடத்தில்தான் முறையின் அருமை விளங்கியது. மூக்கை மட்டும் நம்பியிருந்தால், புதிய மூடியை வாங்கி, வாடை குறைந்ததைக் கண்டு திருப்தியடைந்திருப்போம். மூடி ஒரு காரணமென்பதை அன்வயம் காட்டியது. அதுவே முழுக்காரணம் அன்று என்பதை வியதிரேகம் காட்டியது. பழுது ஒன்றே இருக்கும் என்று மனம் எளிதில் நம்பிவிடுகிறது; யந்திரமோ அவ்வாறு நமக்கு வாக்குக் கொடுத்ததில்லை.

புதிய மூடி வந்தபின், வண்டியின் பின்புறத்தை உயர்த்தி முட்டுக்கொடுத்து, மீதிப் பாதையை மீண்டும் இரண்டாகப் பிரித்தோம். முன்னேயிருந்து தரையடியில் ஓடிவரும் இரும்புக் குழாய் முடிந்து, டாங்கியோடு இணைக்கும் ரப்பர் ஹோஸ் தொடங்கும் இடத்தில், ஹோஸைப் பேண்டேஜ் துணியால் சுற்றி, குறடால் இதமாக நெரித்து மூடினோம். நீர் அசையாமல் நின்றது. நெரித்ததை விட்டதும் மெல்ல இறங்கிற்று. எனவே கசிவு அவ்விடத்துக்கும் டாங்கிக்கும் இடையிலோ, டாங்கியிலோதான் இருக்கவேண்டும். பின் இருக்கையைத் தூக்கி, டாங்கியின் மேலுள்ள மீட்டர் யூனிட்டின் கேஸ்கெட்டைச் சுற்றிச் சோப்பு நீரைப் பிரஷ்ஷால் தடவினோம், குமிழி எழவில்லை. பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயிலும் எழவில்லை. வலப்பின் சக்கரத்துக்கு மேலே, அந்த ரப்பர் ஹோஸ் டாங்கியின் மூக்கில் ஏறிக் கிளிப்பால் இறுக்கப்பட்டிருந்த வளைவில், கை எட்டாத மறைவில் தடவியபோது, கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, திரண்டு, உடைந்துகொண்டேயிருந்தன. "இருக்குது ஸார்" என்றார் அண்ணாச்சி. வெட்டி எடுத்து வளைத்துப் பார்த்தபோது, நேராக இருக்கையில் கண்ணுக்கே தெரியாத மயிரிழைப் பிளவொன்று, வளைக்கையில் வாய் திறந்தது. எட்டாண்டு வெப்பமும் அதிர்வும் ரப்பரின் நெகிழ்ச்சியைப் போக்கிவிட்டிருந்தன.

புதிய ஹோஸை வாங்குவதிலும் அண்ணாச்சி கண்டிப்பாக இருந்தார். சாதாரண நீர்க்குழாய் பெட்ரோல் ஆவியில் சில மாதங்களில் இறுகி வெடித்துவிடும். ஆகவே பெட்ரோலுக்கென்றே செய்த ரப்பர் ஹோஸையும், விளிம்பு ரப்பரை வெட்டாத உருண்டைக் கிளிப்புகளையும் தேடி வாங்கினோம். மூடி, ஹோஸ், கிளிப்புகள், அவருடைய கூலி எல்லாம் சேர்ந்தும், பெரிய ஒர்க்‌ஷாப்பில் குறித்த தொகையில் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. மறுநாள் விடியலில் இறுதிச் சோதனை நடந்தது. ஒரு சாணுக்கு உயர்த்திய நீர், நூல் அடையாளத்தை விட்டு விலகவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் கிழக்கே வெயில் ஏறி வண்டியின் பின்புறத்தில் பட்டது. அப்போது ஒருவரும் குமிழைத் தொடாமலிருக்க, நீல நீர் தானாகவே மெல்ல மெல்ல உயர்ந்தது. முன்பு துளையின் வழியே மறைவாக ஓடிப்போன ஆவி, இப்போது போக வழியின்றித் தன் வலிமையை நீரின்மேல் காட்டியது. உடனே இணைப்பைக் கழற்றி, டாங்கிக் குழாயைக் கேனிஸ்டரோடு சேர்த்தோம். நாங்கள் ஊதிய காற்றைவிட, சூரியன் எழுப்பிய அந்த அழுத்தமே அமைப்பு இறுக்கமாக உள்ளதென்பதற்கு உத்தமமான சாட்சி.

அதற்குப் பின்னர் எத்தனையோ நண்பகல்கள் அவ்வண்டி அய்யனார் கோவில் வெயிலில் நின்றிருக்கிறது. என் தாயார் மூக்கை மூடவேண்டிய அவசியம் நேரவில்லை. ஆயினும் என் மனத்தில் எழுந்த ஒரு கேள்வி இன்றும் அடங்கவில்லை. ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒருமுறை நாம் பெறும் புகைச் சான்றிதழுக்காக, சைலன்ஸர் குழாயில் ஒரு கம்பியைச் செருகி, அதன் வழியே வரும் புகையை மட்டுமே அளக்கிறார்கள். நிற்கும் வண்டியின் டாங்கியிலிருந்து இரவும் பகலும் ஆவி கசிந்துகொண்டிருந்தாலும் அச்சான்றிதழ் தடையின்றிக் கிடைத்துவிடும்; என் வண்டியும் கசிந்துகொண்டிருந்த காலத்திலேயே அதனைப் பெற்றிருந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் புதிய வண்டிக்குக் கடுமையான விதி உண்டு. அது பழையதாகி, ரப்பர் இறுகி, நம் தெருக்களிலும் காட்டோரங்களிலும் நிற்கும் காலத்தில் அதனைக் கேட்பார் இல்லை.

சட்டத்தின் பார்வை படாத இடத்தில் உடையவனின் பார்வை படவேண்டும். அதற்குச் செல்வம் வேண்டியதில்லை. மூடியின் வளையத்தை ஆண்டுக்கொருமுறை தொட்டுப் பார்ப்பதும், குழாய் தானே நின்றபின் பெட்ரோல் ஊற்றாதிருப்பதும், வாடை வந்தால் பழகிவிட்டதென்று விட்டுவிடாமல் காரணத்தை விசாரிப்பதும் எவர்க்கும் இயலும். நாங்கள் செய்த பலகையை நான் அண்ணாச்சியிடமே கொடுத்துவிட்டேன். அவர் தம்மிடம் தொழில் பழகும் பையன்களுக்கு முதலில் கருவியைச் சோதித்து, பிறகு பாதையைப் பிரித்து, ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டு போகும் அந்த வரிசையைச் சொல்லிக்கொடுத்து, ஊரில் பல வண்டிகளின் கசிவை அதைக்கொண்டே தீர்த்துவைத்தார். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இவ்வரிசையை மாணவர்க்குக் கற்பிப்பார்களாயின், பழுதில்லாத பாகங்களை மாற்றி ஏழைகள் பணமிழப்பதும் குறையும். நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்றில் கலக்கும் நஞ்சும் குறையும்.